மகிழுந்து சப்வூஃபர்

மகிழுந்து சப்வூஃபர் என்பது மகிழுந்தின் ஒலியமைப்பில் ஏறத்தாழ 20 முதல் 80 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி ஆகும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. கதவுகளில் பொருத்தப்படும் சிறிய ஒலிபெருக்கிகளால் இத்தகைய ஒலியை உரக்கத் தர இயலாது. இருவர் மட்டும் அமரும் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களில் இடம் மிகக் குறைவு. எனவே அவற்றுக்குச் சப்வூஃபரைத் தெரிவு செய்யும்போது கூம்பின் பருமனை விடப் பெட்டியின் வகையும் கொள்ளளவுமே முதன்மை பெறுகின்றன. 1989 இல் அறிமுகமான ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5, சான் மோட்டார்ஸ் உருவாக்கிய சான் ஸ்டார்ம் ஆகியன இவ்வகைக் கார்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

அறை ஆதாயம்

காற்றில் 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 மீட்டர். இது காரின் உள்ளறையை விடப் பன்மடங்கு பெரியது. அரை அலைநீளம் அறையின் நீளத்தை விட மிகும்போது, கூம்பின் அசைவு அறைக் காற்று முழுவதையும் ஒரே நேரத்தில் அழுத்தித் தளர்த்துகிறது. இதனால் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலியழுத்தம் கோட்பாட்டளவில் 12 டெசிபெல் வரை உயரும். இதுவே அறை ஆதாயம் எனப்படுகிறது.

6 மீட்டர் நீளமுள்ள வீட்டு அறையில் இவ்விளைவு ஏறத்தாழ 28 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்கும். 2 மீட்டர் நீளமுள்ள கார் அறையிலோ 85 ஹேர்ட்ஸ் அளவிலேயே தொடங்கிவிடும். ஆகவே சிறிய கார் தாழொலிக்குத் தடையன்று, துணையே ஆகும். கண்ணாடிகளின் அதிர்வாலும் காற்றுக் கசிவாலும் நடைமுறையில் ஆதாயம் சற்றுக் குறையும். மேற்கூரையைத் திறந்தால் பெரும்பகுதி இழக்கப்படும்.

பெட்டி வகைகள்

* மூடிய பெட்டி: ஒத்ததிர்வுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும்போது இதன் ஒலி 12 டெசிபெல் வீழ்கிறது. அறை ஆதாயம் இவ்வீழ்ச்சியை ஈடு செய்வதால் சிறு கார்களுக்கு இது மிகப் பொருத்தமானது. 20 செ.மீ. கூம்புக்கு 10 லிட்டர், 25 செ.மீ. கூம்புக்கு 20 லிட்டர் அளவிலான பெட்டி பெரும்பாலும் போதுமானது.
* துளைப் பெட்டி: குறைந்த திறனில் உரத்த ஒலி தரும். ஆனால் பெரிய இடம் தேவை. சிறிய அறையில் ஒலி முழக்கமாகக் கேட்கும் வாய்ப்பும் உண்டு.
* இருக்கையடிப் பெட்டி: பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒரே தட்டையான பெட்டியில் அமைந்தவை. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இவற்றின் திறன் குறைவு.

நெவில் தீல், ரிச்சர்டு ஸ்மால் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து உருவான தீல்-ஸ்மால் அளபுருக்களைக் கொண்டு பெட்டியின் கொள்ளளவு கணிக்கப்படுகிறது. இவை தயாரிப்பாளரின் விவரத்தாளில் தரப்படும்.

மின்திறனும் பாதுகாப்பும்

விளம்பரங்களில் காணப்படும் உச்சத் திறனை விடுத்து ஆர்எம்எஸ் திறனையே ஒப்பிட வேண்டும். திறனை இரு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட 300 வாட் பெருக்கி, முழுத் திறனில் ஏறத்தாழ 27 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மின்கலத்திலிருந்து வரும் கம்பியில், மின்கலத்துக்கு மிக அருகிலேயே உருகி பொருத்தப்பட வேண்டும். இல்லையெனில் கம்பி உடற்பகுதியில் உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படும்போது தீப்பற்றக்கூடும். உருகியின் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மீறலாகாது. பெட்டியை இறுகப் பிணைப்பதும் இன்றியமையாதது. தளர்வான பெட்டி விபத்தின்போது பயணிகள் மீது மோதும்.

நெடுஞ்சாலையும் செவிநலனும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே புதுச்சத்திரம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 போன்ற சாலைகளில் விரையும்போது, சக்கரங்களும் காற்றும் எழுப்பும் இரைச்சல் தாழொலியை மறைக்கிறது. ஓட்டுநர் ஒலியைக் கூட்டுகிறார். ஊருக்குள் வேகம் குறைந்த பின்னும் அதே அளவு தொடர்கிறது. இந்தியாவின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் ஆகும். செவிநலனுக்கு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதை உலக சுகாதார அமைப்பு பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. ஒலி 3 டெசிபெல் உயரும் ஒவ்வொரு முறையும் இந்நேரம் பாதியாகும்.

இவற்றையும் பார்க்க

* ஒலிபெருக்கி
* அதிர்வெண்
* ஒலி மாசு