பாசியில் இத்தனை ரகமா? டி.என்.ஏ சொல்லும் ஜாதகம்!

காமயகவுண்டன்பட்டி பக்கத்திலிருந்து சுருளி அருவிக்குக் குளிக்கக் கிளம்பினால், வீட்டில் சொல்லி அனுப்பும் முதல் வார்த்தை, 'பாசி வழுக்கும், பாத்து நில்லு' என்பதுதான். ஆனால் 'பாசி' என்ற ஒரே பெயருக்குள் நாம் வெவ்வேறு உயிர்களை அடைத்து வைத்திருக்கிறோம். தண்ணீருக்குள் வழவழவென்று காலை வாரிவிடுவது பெரும்பாலும் ஆல்கா. பாறையிலும் மரத்திலும் பச்சை வெல்வெட் விரித்தாற்போல இருப்பது மாஸ். இது நிலத்தாவரம். பூ கிடையாது, விதை கிடையாது, நிஜமான வேரும் கிடையாது.

உலகத்தில் சுமார் 12,000 வகை மாஸ் இருக்கு. பூ இல்லாத செடியை எப்படிங்க அடையாளம் கண்டுபிடிப்பீங்க? இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். அந்த செல்லின் வடிவம், வித்துப்பையின் வாயில் இருக்கும் பற்கள் என எல்லாவற்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும். ஒரே வகை நிழலில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் வளர்ந்து குழப்பும். பல சமயம் வித்துப்பையே இருக்காது.

இங்கேதான் டி.என்.ஏ வருது. துளி மாஸை எடுத்து, மண்ணும் ஒட்டிக்கிடக்கும் பூஞ்சையும் போகச் சுத்தம் செய்து, அரைத்து டி.என்.ஏ-வைப் பிரிக்கிறார்கள். அதில் குறிப்பிட்ட சில பகுதிகளை மட்டும் பி.சி.ஆர் முறையில் பல மடங்கு பெருக்கி (கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன அதே பி.சி.ஆர்தான்!), எழுத்து எழுத்தாகப் படித்து, ஏற்கெனவே பதிவான மாஸ்களோடு ஒப்பிடுகிறார்கள். சுத்தம் செய்யும் வேலைதான் பெரிய தலைவலி. ஒரு பிடி மாஸுக்குள் நாலைந்து வகை பின்னிக்கிடக்கும்.

அன்டார்டிகா கதை தெரியுமா? அங்குள்ள இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையம் அருகே, 2017-ல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் ஒரு மாஸை எடுத்து வந்தார். டி.என்.ஏ-வை மற்ற வகைகளோடு ஒப்பிட்டு, புது இனம் என்று அவர் குழு அறிவித்தது 2021-ல். பெயர், 'பிரையம் பாரதியென்சிஸ்'. பனிப்பாறை தேசத்தில் உரத்துக்கு எங்கே போகும் என்றால், பென்குயின் எச்சம் என்கிறார்கள்!

நம்ம பக்கத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. ஜார்ஜ் ஃபோரோ என்ற ஃபாதர், பழனி மலையில் மாஸ் சேகரித்து, 1961-ல் பட்டியலே வெளியிட்டார். மாஸைக் காயவைத்துக் காகித உறைக்குள் போட்டால் பல வருஷம் தாங்கும். அப்படிப்பட்ட பழைய மாதிரிகளிலிருந்தும் டி.என்.ஏ எடுக்க முடியும் என்பதால், அந்தக் காலத்துச் சேகரிப்புகளுக்கு இன்றைக்கு மவுசு கூடியிருக்கு.

ஒப்பிடுவதற்குப் பதிவு இல்லாத வகை என்றால் மெஷின் கையை விரித்துவிடும். பதிவிலேயே பெயர் தப்பாக இருந்தால் பதிலும் தப்பு. ஆகவே மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கும் ஆளும் வேணும்.

இதெல்லாம் நமக்கெதுக்கு என்கிறீர்களா? மணி பிளான்ட் ஏற்ற மாஸ் ஸ்டிக், கண்ணாடி ஜாடித் தோட்டம் என்று பலர் வீட்டிலும் இப்போது மாஸ் இருக்கு. பாறையிலிருந்து உரித்தெடுத்த இடத்தில் அது மறுபடி படர வருஷக்கணக்கில் ஆகலாம். உரிக்கப்படுவது எங்கும் கிடைப்பதா, அந்த ஒரு மலையில் மட்டும் இருப்பதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. கொடிக்கு மாஸ்தான் வேணும்னு இல்லை. தேங்காய் நார் சுற்றிய குச்சியிலும் அழகாக ஏறும். தேங்காய்க்கா நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சம்?