லீவு போட்டு ஓடின முதல் மராத்தான்

இன்னிக்குக் கதை ஒரு ஆபீஸ் லீவுல ஆரம்பிக்குது.

வருஷம் 1896. இடம் லண்டன். ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ்னு ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனம். இன்னிக்கு பிடபிள்யூசி-ன்னு சொல்றோமே, அந்தப் பேர்ல இருக்கற முதல் பாதி இவங்கதான். அங்க எட்வின் ஃப்ளாக்னு 22 வயசுப் பையன் ஒருத்தர் தொழில் கத்துக்கிட்டிருந்தாரு. வளர்ந்தது ஆஸ்திரேலியாவுல, மெல்போர்ன்ல. அப்பாவும் கணக்காளர்தான். பையனுக்கு ஓட்டத்துல பைத்தியம். ஏதென்ஸ்ல ஒலிம்பிக்ஸ்னு புதுசா ஒண்ணு நடத்தப்போறாங்கன்னு தெரிஞ்சதும், லீவு வாங்கிக்கிட்டு, ரயிலும் கப்பலுமா மாறி மாறிப் பயணம் பண்ணி ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தாரு.

இப்ப நம்ம நண்பர்கள் சிலர் பண்றதை யோசிச்சுப் பாருங்க. குடும்பத்தோட டூர் போற ஊர்ல மராத்தான் நடக்குதுன்னு தெரிஞ்சா பேர் கொடுத்துடறாங்க. வீட்டுல எல்லாரும் ஹோட்டல்ல தூங்கிட்டிருக்கும்போது இவங்க மட்டும் ஷூவை மாட்டிக்கிட்டு இருட்டுல கிளம்பறாங்க. "லீவுல வந்துமா இந்த வேலை?"ன்னு அம்மா திட்டுவாங்க. ஆனா இதுக்கு 130 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு முன்னோடி இருக்காரு. ஒரே சிக்கல் என்னன்னா, அவரால ஓட்டத்தை முடிக்க முடியலை. ஏன் முடியலை, இன்னிக்குச் சாதாரண ஆளுங்க எப்படி முடிக்கிறாங்கங்கிறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். 1896 ஒலிம்பிக்ஸுக்கு இன்னிக்கு மாதிரி நாட்டுக்கு ஒரு அணி, தேர்வுக் குழு, கோச் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. வந்தவங்க பேர் கொடுத்தாங்க. ஜான் போலண்ட்னு ஒரு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர், கிரேக்க நண்பர் ஒருத்தரைப் பார்க்க ஏதென்ஸ் வந்தாரு. அந்த நண்பர் டென்னிஸ்ல பேரைச் சேர்த்துவிட, ஒற்றையர், இரட்டையர் ரெண்டுலயும் ஜெயிச்சுட்டுப் போனாரு. நம்ம ஃப்ளாக்கும் சும்மா இருக்கலை. ஏப்ரல் 7-ம் தேதி 1500 மீட்டர்ல முதலிடம். நடுவுல டென்னிஸும் ஆடினாரு, ஒற்றையர்ல முதல் ஆட்டத்துலயே தோத்தாரு. ஏப்ரல் 9-ம் தேதி 800 மீட்டர்லயும் முதலிடம். மறுநாள் 10-ம் தேதி மராத்தான். அதுக்கும் போய் நின்னாரு.

அது வரைக்கும் அவர் ஓடின அதிகபட்ச தூரம் 10 மைல்தான், அதாவது 16 கிலோமீட்டர். அன்னிக்கு ஓட வேண்டியது சுமார் 40 கிலோமீட்டர். இன்னிக்கு நாம சொல்ற 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல வந்தது, நிரந்தரமானது 1921-ல.

இந்தப் பந்தயம் அப்போ எல்லாருக்குமே புதுசு. பண்டைய ஒலிம்பிக்ஸ்ல மராத்தான்னு ஒரு போட்டியே இருந்ததில்லை. மராத்தான் ஊர்லேர்ந்து வெற்றிச் செய்தியோட ஓடி வந்த வீரன் கதையை வெச்சு, இப்படி ஒரு பந்தயம் நடத்தலாம்னு யோசனை சொன்னவர் மிஷேல் ப்ரெயால்ங்கிற பிரெஞ்சு மொழியியலாளர். கிரேக்கர்கள் இதைத் தங்களோட மானப் பிரச்சினையாவே எடுத்துக்கிட்டாங்க. ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடியே அதே பாதையில தகுதிப் பந்தயங்கள் நடத்தி ஆள் தேர்ந்தெடுத்தாங்க.

மொத்தம் 17 பேர் ஓடினாங்க. அதுல வெளிநாட்டுக்காரங்க 4 பேர். ஃப்ளாக், அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், பிரான்ஸின் அல்பான் லெர்முசியோ, ஹங்கேரியின் கியூலா கெல்னர். முதல் மூணு பேரைக் கவனிங்க. மூணு நாள் முன்னாடி நடந்த 1500 மீட்டர்ல முதல், ரெண்டாவது, மூணாவது இடம் வாங்கினது இவங்கதான். அதாவது உலகத்துல நல்லா ஓடக்கூடியவங்க. நாலாவது ஆள் கெல்னருக்கு அந்த மாதிரிப் பெருமை எதுவும் இல்லை. ஆனா ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே 40 கிலோமீட்டரை ஒரு தடவை ஓடிப் பார்த்திருந்தாரு.

பந்தயம் ஆரம்பிச்சதும் லெர்முசியோ பறந்தாரு. வழியில ஒரு கிராமத்துல, இவர்தான் ஜெயிக்கப் போறாருன்னு தலையில இலைக் கிரீடமே வெச்சுட்டாங்க. ஆனா அந்தப் பாதையில, ஏறக்குறைய 10-வது கிலோமீட்டருக்கு மேல பெரும்பாலும் ஏத்தம்தான். 30 தாண்டினப்புறம்தான் இறக்கம். பிளேக் 23-வது கிலோமீட்டர் பக்கத்துல நின்னுட்டாரு. லெர்முசியோ 32-ல நின்னாரு. இப்போ முன்னாடி ஓடறது ஃப்ளாக். ஆஸ்திரேலியாக்காரர் முன்னாடி வராருன்னு ஸ்டேடியத்துக்குச் செய்தி வந்ததும், கூட்டம் மொத்தமும் வாடிப் போச்சு.

பின்னாடி ஒருத்தர் நிதானமா வந்துக்கிட்டிருந்தாரு. பேரு ஸ்பைரிடன் லூயிஸ். ஏதென்ஸ் பக்கத்துல மரூசிங்கிற ஊர்லேர்ந்து தண்ணி கொண்டு வந்து விக்கிறவர். தகுதிப் பந்தயத்துல அவருக்குக் கிடைச்சது அஞ்சாவது இடம்தான். அவர் வந்து ஃப்ளாக்கைத் தாண்டிட்டாரு. ஃப்ளாக் இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துப் பிடிச்சாரு. 37-வது கிலோமீட்டர் பக்கத்துல கால் தள்ளாடி, நினைவு தடுமாறிருச்சு. தாங்கிப் பிடிக்க வந்த ஒரு கிரேக்கரை, யாரோ அடிக்க வராங்கன்னு நினைச்சுக் குத்திட்டாருன்னு சொல்வாங்க. அப்புறம் வண்டியில ஏத்தித்தான் ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனாங்க. லூயிஸ் 2 மணி 58 நிமிஷம் 50 விநாடியில ஓட்டத்தை முடிச்சாரு.

கணக்கைப் பாருங்க. 1500 மீட்டர் வீரர்கள் மூணு பேருமே பாதியில நின்னுட்டாங்க. வெளிநாட்டுக்காரங்கள்ல ஓடி முடிச்சது, தூரத்தை முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்த கெல்னர் ஒருத்தர்தான். முதல்ல நாலாவதா வந்தாருன்னுதான் அறிவிச்சாங்க. மூணாவதா வந்த கிரேக்கர் வழியில கொஞ்ச தூரம் வண்டியில வந்தாருன்னு தெரிஞ்சதும், மூணாவது இடம் கெல்னருக்கு வந்துச்சு.

இதுல மர்மம் ஒண்ணும் இல்லை. நம்ம உடம்பு தசையிலயும் கல்லீரல்லயும் சேமிச்சு வெக்கிற கிளைகோஜன், வேகமா ஓடினா சுமார் 30 கிலோமீட்டர்ல தீர்ந்துடும். ஓட்டக்காரங்க இதைத்தான் 'சுவர்ல மோதறது'ன்னு சொல்றாங்க. மெதுவா ஓடினா உடம்பு கொழுப்பையும் கூடவே எரிக்கும், சரக்கு நீடிக்கும். ஃப்ளாக்குக்குத் திறமை குறைச்சல் இல்லை. தனக்குத் தெரியாத தூரத்தைத் தனக்குத் தெரிஞ்ச வேகத்துல ஓடினாரு, அவ்வளவுதான்.

மறுநாள், ஏப்ரல் 11. அதே பாதையில ஸ்டமாடா ரெவிதினு ஒரு பெண் ஓடினாங்க. கைக்குழந்தையோட இருந்த ஏழைத் தாய். போட்டியில சேர்த்துக்கோங்கன்னு கேட்டாங்க, மறுத்துட்டாங்க. அதனால தனியா ஓடினாங்க. சுமார் அஞ்சரை மணி நேரத்துல ஏதென்ஸ் வந்து சேர்ந்தாங்க. ஸ்டேடியத்துக்குள்ள விடலை. ஒலிம்பிக்ஸ்ல பெண்களுக்கு மராத்தான் வர 1984 வரைக்கும் ஆச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, முந்தின நாள் சாம்பியன் முடிக்காத தூரத்தை அவங்க முடிச்சாங்க. மெதுவா.

அந்த 'மெதுவா' மராத்தானுக்குள்ள மரியாதையோட நுழைய ரொம்ப காலம் ஆச்சு. நுழைஞ்ச கதவுகள்ல ஒண்ணு ஹவாய்ல, ஹொனலூலுவுல இருக்கு. அங்க 1973-ல மராத்தான் ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவர் ஜாக் ஸ்கேஃப்ங்கிற இதய மருத்துவர். நீண்ட தூரம் மெதுவா ஓடறது இதயத்துக்கு நல்லதுன்னு நம்பினவர். இதய நோயாளிகளையே ஓட வெச்சவர். கபியோலானி பார்க்ல பொதுமக்களுக்கு மராத்தான் பயிற்சி வகுப்பும் நடத்தினாரு. முதல் வருஷம் ஓடினவங்க 200 பேர்கூட இல்லை.

இன்னிக்கு அங்க ஆயிரக்கணக்குல ஓடறாங்க. டிசம்பர் மாசம், விடியக்காலை 5 மணிக்கு வாணவேடிக்கையோட ஆரம்பம். 80-கள்லேர்ந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் ஆதரவு கொடுக்க, ஜப்பான்லேர்ந்து குடும்பம் குடும்பமா விமானம் ஏறி வர ஆரம்பிச்சாங்க. எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் மராத்தான். காரணம் ஒரே ஒரு விதி: நேர வரம்பு கிடையாது. கடைசி ஆள் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. ரெவிதியோட அஞ்சரை மணி நேரம் அங்க ரொம்பச் சாதாரணம்.

அதனால லீவுல மராத்தான் ஓடறதைச் சாத்தியமாக்கினதுல விமானத்துக்கும் ஷூவுக்கும் பங்கு உண்டுதான். ஆனா அதைவிடப் பெரிய பங்கு, மெதுவா ஓடறவங்களும் ஓட்டக்காரங்கதான்னு ஒத்துக்கிட்டதுக்கு. நீங்க அடுத்த டூர்ல பேர் கொடுக்கறதா இருந்தா, ஊரைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பந்தயத்தோட நேர வரம்பைப் பாருங்க. அப்புறம், கெல்னர் மாதிரி, கிளம்பறதுக்கு முன்னாடியே நீண்ட தூரத்தை நம்ம தெருவுல ஓடிப் பாருங்க.

ஃப்ளாக் என்ன ஆனாரு? ரெண்டு வெற்றியோட லண்டன் திரும்பி, வேலையில சேர்ந்தாரு. பின்னாடி மெல்போர்ன் போய், அப்பாவோட நிறுவனத்துலயே கணக்காளரா இருந்தாரு. ஆஸ்திரேலியாவின் முதல் ஒலிம்பிக் சாம்பியன்னு இன்னிக்கும் அவரைக் கொண்டாடறாங்க. முடிக்காத அந்த மராத்தானும் அவர் கணக்குலதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.