"மருந்துக்குப் பழகிட்டுது": எங்கட நுளம்புகளின் கூர்ப்பு வரலாறு

புகை அடிச்ச பிறகும் நுளம்பு குறையேல்லை எண்டால் சனம் சொல்லும் விளக்கம் ஒன்று இருக்கு: "அது மருந்துக்குப் பழகிட்டுது." அச்சுவேலிச் சந்தையில் கேட்டாலும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கேட்டாலும் இதே வசனம்தான் வரும். இதில் பாதி உண்மை இருக்கு, பாதி பிழை. அந்தப் பிழையான பாதியைத் திருத்திக்கொண்டால், 1859இல் சார்ள்ஸ் டார்வின் எழுதிய நூலின் மையக் கருத்து விளங்கிவிடும்.

கூர்ப்பு என்றதும் எங்களில் பலருக்கு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தும் கலாபகோஸ் தீவுக் குருவிகளின் சொண்டும்தான் ஞாபகம் வரும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடமாக்கினது அவ்வளவுதான். எங்கேயோ தூரத்தில், எப்பவோ இலட்சக்கணக்கான வருசங்களுக்கு முதல் நடந்து முடிந்த விசயம் மாதிரி அது மனதில் பதிந்திருக்கு. அப்பிடியில்லை. கடந்த 80 வருசத்துக்குள், எங்கட அப்பப்பா அப்பம்மாக்களின் காலத்துக்குள், இந்தத் தீவிலேயே கூர்ப்பு நடந்திருக்கு. அதற்கு விலையாக உயிர்களும் போயிருக்கு.

1934: ஆறு வத்தின வருசம்

மலேரியாவை நுளம்புதான் காவுகிறது என்பதற்கான திறவுகோல், 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் றொஸ் செய்த ஆய்வில் கிடைத்தது. இலங்கையில் மலேரியா எதிர்ப்பு இயக்கம் 1911இல் குருநாகலில் தொடங்கியது. ஆனால் 1934இல் நடந்ததற்கு ஒருவரும் தயாராக இருக்கவில்லை.

அந்த வருசம் மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓடாமல், மணலுக்கு நடுவில் சின்னச் சின்னக் குட்டைகளாய்த் தேங்கி நின்றன. வெயில் படும் தெளிந்த தேங்கு நீர், அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்புக்கு முட்டையிடத் தோதான இடம். வழமையாக மலேரியா அதிகம் இல்லாத ஈரவலயத்துக்குள் நோய் புகுந்தது. அங்கிருந்த சனத்தின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 1934 இன் கடைசியிலிருந்து 1935 நடுப்பகுதி வரை, ஏறத்தாழ ஏழு மாதங்களில், சுமார் 80,000 பேர் இறந்தார்கள். தீவின் மொத்தச் சனத்தொகையே அப்போது 55 இலட்சம் அளவில்தான் இருந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ஊர் ஊராய்ப் போய் நிவாரணம் கொடுத்ததும், அவர்களில் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியதும் இந்த அழிவின் தொடர்ச்சிதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டீ.டீ.டீ. வந்தது. வீட்டுச் சுவர்களில் அடித்து விட்டால் மாதக்கணக்காய் வேலை செய்யும். அதன் பூச்சிகொல்லும் இயல்பைக் கண்டுபிடித்த போல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசே கிடைத்தது. 1946இல் இலங்கையில் மலேரியா நோயாளர் 28 இலட்சம் அளவில் இருந்தார்கள். 1963இல் பதிவானது வெறும் 17 பேர். பிழையாக வாசிக்கவில்லை, பதினேழு பேர்தான்.

வெற்றி என்று நினைத்து மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது, காசும் குறைந்தது. 1967இலிருந்து நோய் திரும்பியது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இந்த மீள்வருகைக்கு முதற் காரணம் மனிதரின் அசட்டைதான், நுளம்பின் கூர்ப்பு இல்லை. ஆனால் திரும்ப டீ.டீ.டீ.யைக் கையில் எடுத்தபோதுதான் வேறொரு விசயம் தெரிய வந்தது: முந்தி மாதிரி நுளம்பு சாகேல்லை. 1970களின் நடுப்பகுதியில் டீ.டீ.டீ.யை விட்டு மலத்தியனுக்கு மாறவேண்டி வந்தது. பிறகு மலத்தியனுக்கும் அதே கதை.

பழகினது ஆர்?

இப்ப அந்த வசனத்துக்கு வருவம். "பழகிட்டுது" என்றால் என்ன? ஒரு ஆள் உறைப்புக்குப் பழகுவது மாதிரி, ஒரு நுளம்பு கொஞ்சம் கொஞ்சமாய் மருந்தைத் தாங்கப் பழகினது என்றுதான் அர்த்தம் வரும். அப்பிடி நடக்கேல்லை. மருந்து பட்டுச் செத்த நுளம்பு செத்ததுதான். அது ஒன்றையும் பழகவில்லை. தப்பின நுளம்பும் பழகவில்லை. அது பிறக்கும்போதே வேறு மாதிரி.

எந்த உயிரினத்தை எடுத்தாலும் ஒன்றைப்போல் ஒன்று அச்சொட்டாய் இருக்காது. ஒரு சில நுளம்புகளின் உடலில், டீ.டீ.டீ.யைச் சிதைக்கும் நொதியம் மற்றவற்றைவிடக் கூடுதலாய்ச் சுரந்தது. மருந்தைப் பற்றி அறிந்து வந்த மாற்றம் இல்லை அது. பரம்பரையலகைப் படியெடுக்கும்போது தற்செயலாய் நடக்கும் பிழை, அதாவது விகாரம். மருந்து இல்லாத காலத்தில் அதனால் ஒரு நன்மையும் இல்லை. தேவையில்லாத நொதியத்தை உண்டாக்குவது வீண் செலவாகக்கூட இருந்திருக்கலாம். மருந்து வந்த நாளில்தான் கணக்கு மாறியது.

ஒரு கணக்குச் செய்து பார்ப்பம். விளங்குவதற்காக இலகுவாக்கின கணக்கு. ஒரு ஊரில் 10,000 நுளம்புகள். அதில் மருந்தைத் தாங்கக்கூடியவை 10 மட்டும். மருந்து, தாங்கமுடியாத ஒவ்வொரு பத்திலும் ஒன்பதைக் கொல்லும் என்று வைப்பம்.

முதற்தரம் அடித்தால் மிஞ்சுவது 999 சாதாரண நுளம்பும் அந்த 10உம். தாங்கக்கூடியவை இப்ப நூற்றுக்கு 1. இவை பெருகித் திரும்பப் பத்தாயிரமாகட்டும். இரண்டாந்தரம் அடித்தால் நூற்றுக்கு 9. மூன்றாந்தரம் அடித்தால் சரிபாதி. நாலாந்தரம் நூற்றுக்கு 91.

நாலு தரம்தான். முதற்தரம் அடித்தபோது "நல்ல மருந்து" என்று சொன்ன அதே சனம், ஐந்தாந்தரம் "தண்ணியைக் கலந்து அடிக்கிறாங்கள்" என்று சொல்லும். உண்மையில் மருந்து மாறவில்லை. எந்தத் தனி நுளம்பும் மாறவில்லை. மாறினது கூட்டம். கூர்ப்பு என்பது தனி உயிரியில் நடப்பதில்லை, குடித்தொகையில்தான் நடக்கும். ஒவ்வொன்றும் வித்தியாசமாய் இருக்கவேண்டும். அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். அதனால் சிலது கூடுதலாய்ப் பிழைத்துப் பெருகவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இயற்கைத் தேர்வு நடந்தே தீரும். யாரும் திட்டமிடத் தேவையில்லை.

இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. 1914இலேயே ஏ. எல். மெலண்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், பழமரங்களைத் தாக்கும் செதிற்பூச்சிகள் சில இடங்களில் மருந்துக்குச் சாகவில்லை என்று எழுதியிருந்தார். டீ.டீ.டீ.க்கு முப்பது வருசம் முந்தி.

"வலியது வாழும்" என்பது சரியா?

டார்வினைப் பற்றிப் பேசினால் தமிழில் உடனே வந்து விழும் வசனம் "வலியது வாழும்." "தக்கன பிழைக்கும்" என்பதுதான் ஓரளவு சரி. மூலச் சொற்றொடரே டார்வினுடையது இல்லை; 1864இல் ஹேர்பேட் ஸ்பென்சர் உருவாக்கியது, டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார். அந்த நுளம்பில் என்ன வலிமை இருந்தது? மருந்து இருக்கும் வரைக்கும் அது 'தக்கது.' மருந்தை நிறுத்தினால் சிலவேளை அதுவே பின்தங்கிவிடும். தகுதி என்பது உயிரிக்குள் இருக்கும் குணமில்லை, உயிரிக்கும் சூழலுக்கும் இடையிலான பொருத்தம்.

மனிதருக்கும் இது பொருந்தும். குருநாகல், அனுராதபுரம் பக்கங்களில் தலசீமியா நோய் கூடுதலாய் இருப்பதற்கு மலேரியாதான் காரணம் என்று கருதப்படுகிறது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தப் பரம்பரையலகு வந்தால், மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும். அதனால் அது தலைமுறை தலைமுறையாய்த் தங்கியது. இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டும். இயற்கைத் தேர்வுக்கு இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை. இதை எடுத்து "பெலமானவன்தான் ஆளவேணும்" என்று அரசியல் பேசுபவர்களுக்கு உயிரியலும் தெரியாது.

உப்புத் தண்ணிக்கு வந்த நுளம்பு

இனி எங்கட குடாநாட்டுக்கு வருவம். இங்கே வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு எல்லாம். அந்த நன்னீர், கனமான உவர்நீருக்கு மேல் மிதக்கும் ஒரு படை. அச்சுவேலியிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றில் இதைக் காணலாம்: மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. இராமர் அம்பு விட்ட கதை ஒருபக்கம் இருக்கட்டும்; அது எங்கட நிலத்தடியின் குறுக்குவெட்டு. அச்சுவேலிக்கு ஒரு பக்கம் செம்பாட்டுத் தோட்டங்கள், மறுபக்கம் தொண்டைமானாற்று நீரேரி. எந்தப் பக்கம் அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் கீழிருக்கும் உப்பு மேலே வரும்.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி நன்னீரில்தான் முட்டையிடும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அந்த நுளம்பே ஒரு கூர்ப்புக் கதை. ஆபிரிக்கக் காட்டில் மரப்பொந்துத் தண்ணியில் பெருகிய ஒரு இனம், மனிதர் தண்ணி சேர்த்து வைக்கும் பாத்திரங்களுக்குள் குடிவந்து, கப்பலேறி உலகம் முழுக்கப் பரவியது. காய்ந்துபோனாலும் மாதக்கணக்காய் உயிரோடு கிடக்கக்கூடிய முட்டை அதன் பெரிய சொத்து.

2011இல் ரஞ்சன் இராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரமாய்க் கிடந்த பாவிக்காத கிணறுகள், கைவிட்ட வள்ளங்கள், எறிந்த பிளாஸ்ரிக் போத்தல்களில் தேங்கின உவர்நீரில் ஈடிஸ் குடம்பிகள் இருந்தன. ஒரு லீற்றரில் 15 கிராம் வரை உப்பு இருந்த தண்ணியிலும் இருந்தன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். அதாவது கடலின் பாதிக்குக் கொஞ்சம் குறைய.

தொடர்ந்து வந்த ஆய்வுகளில், உவர்நீரிலிருந்து எடுத்த குடம்பிகள் நன்னீரிலிருந்து எடுத்தவற்றைவிடக் கூடுதல் உப்பைத் தாங்கின. அவற்றின் மேற்தோலின் அமைப்பிலும் வித்தியாசம் இருந்தது. அதைவிட யோசிக்கவேண்டிய முடிவு ஒன்று 2021இல் வந்தது: உவர்நீர்க் குடம்பிகள், தண்ணித் தொட்டிகளில் போடும் ரெமிபொஸ் மருந்தையும் கூடுதலாய்த் தாங்கின. உப்புக்காக வந்த இசைவாக்கம் மருந்துக்கும் உதவுகிறது.

இங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கவேணும். இது கூர்ப்பா, அல்லது உப்பில் வளர்ந்ததால் அந்த ஒரு உடம்பில் மட்டும் வந்த மாற்றமா? வெயிலில் நின்றால் தோல் கறுக்கும், அது பிள்ளைக்குப் போகாது. பிரித்தறிய வழி, பல தலைமுறைகளைத் தண்ணியை மாற்றி வளர்த்துப் பார்ப்பது, பரம்பரையலகுகளை ஒப்பிடுவது. இரண்டும் கலந்தும் நடக்கலாம்: முதலில் உடம்பு சமாளிக்கும், சமாளித்தவற்றுக்குள் தேர்வு நடக்கும்.

அடுத்த ஆள்

2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லாததால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த வருசம் முடியமுதலே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு பிடிபட்டது. இந்தியாவில் நகரத்து மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆற்றுக் குட்டை தேவையில்லை. கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. எங்கட வீடுகளில் கிணறும் தொட்டியும் இல்லாத வீடு எத்தனை?

2017இல் மட்டும் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். இந்த நிலையில் "இன்னும் பெலமான மருந்து அடியுங்கோ" என்பது நாலு தரக் கணக்கைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதுதான். ஒரே மருந்தைத் தொடர்ந்து பாவிக்காமல் மாற்றி மாற்றிப் பாவிப்பது ஏன் என்று இப்ப விளங்கும். தோட்டத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கிற மருந்தும் அதே இரசாயனக் குடும்பமென்றால், அதுவும் நுளம்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

டெங்கு ஒழிப்புச் சிரமதானத்தில் நாங்கள் சிரட்டை, ரயர், யோகட் கப் எல்லாம் பொறுக்குகிறோம். நல்லது. ஆனால் "அது உப்புத் தண்ணி, அதில நுளம்பு வராது" என்று விட்டுவிட்டுப் போகும் பாழ்கிணறும் கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் வள்ளமும்தான் இனி முக்கியம். நாங்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் பிழைப்பவைதான் அடுத்த தலைமுறைக்குத் தாய்மார். ஐப்பசி மழைக்கு முதல் அந்தக் கிணறுகளுக்கு வலை போட்டு மூடுவம், வள்ளங்களைக் கவிழ்த்து வைப்பம்.