பெயர் எழுதித் தரப்படும்

1

இராமேஸ்வரம் கோயில் வீதிகளிலும் அக்னி தீர்த்தக் கரையிலும் உள்ள சங்குக் கடைகளில் ஒரு வசதி உண்டு. வாங்குகிற சங்கிலோ, சாவிக்கொத்தில் தொங்கும் சிப்பியிலோ வாங்குபவரின் பெயரை அங்கேயே எழுதித் தருவார்கள். யாத்திரை வந்த குடும்பம் சுற்றி நின்று பார்க்கும். கூரான முனை ஓட்டின் மேல் நகர, பெயர் வந்துவிடும். காசு கைமாறும். அம்புட்டுத்தான். எழுதிய கையின் பெயர் அதில் இராது. அந்தச் சங்கைக் கடலில் குளித்து எடுத்தவர், சதை அழுக வைத்துக் கழுவியவர், ஆசிட்டில் முக்கி மேல்தோல் உரித்தவர், சாணையில் தேய்த்து மினுக்கியவர் ஒருவரது பெயரும் இராது.

இந்தப் பெயரின்மையை எப்படி வாசிப்பது? கைவினை பற்றி நம்மிடையே புழங்கும் இரண்டு சொல்லாடல்கள் இதற்குத் தயாரான பதில்களை வைத்திருக்கின்றன.

முதலாவது ஆனந்த குமாரசாமி வழியாக வருவது. கொழும்பில் 1877இல் பிறந்த குமாரசாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை 1908இல் வில்லியம் மாரிஸின் பழைய கெல்ம்ஸ்காட் அச்சு எந்திரத்திலேயே அச்சிட்டவர். மறுஆண்டு இந்தியக் கைவினைஞன் பற்றி எழுதினார். ஆலைகள் உண்டாக்கிய அவலத்துக்கு எதிராக மாரிஸ் எழுப்பிய குரல் அவரிடம் கீழைத்தேயக் கைவினைஞனைப் போற்றும் குரலாக மாறியது. மரபுக் கைவினைஞன் 'நான்' என்று சொல்லாதவன், அவன் பெயர் போடாதது அகந்தை இல்லாமையின் அடையாளம் என்றாகிறது. ஜப்பானில் யானகி சோயெட்சு 1920களில் தொடங்கிய மக்கள் கைவினை இயக்கமும் பெயரற்ற கைவினைஞனைத்தான் கொண்டாடியது.

இரண்டாவது இன்றைய நகரக் கண்காட்சிகளின் பேச்சு. இங்கே கைவினைஞர் 'சுயாதீனக் கலைஞர்' ஆகிறார். தன் பெயர், தன் பட்டறை, தன் விலை. அரசு விருது, அடையாள அட்டை, பொருளோடு சேர்த்துக் கட்டிய சிறு கதைத்தாள். பெயரில்லாதவர்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டால் விடுதலை வந்துவிடும் என்கிறது இந்தப் பேச்சு.

இரண்டும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் கண் கையெழுத்தின் மேல்தான். கைக்கு வந்து சேரும் பொருள் யாருடையது என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை. சேதுக்கரையின் சங்கு வரலாறு அந்தக் கேள்வியைத்தான் நம் முன் வைக்கிறது.

2

அகநானூற்றின் 24ஆம் பாடலில், ஆவூர் மூலங்கிழார் பாடியதில், சங்கு அறுப்பவன் ஒருவன் வருகிறான். வேள்வி செய்யாத பார்ப்பான் என்று அவனைச் சொல்கிறது பாடல். கூரிய அரத்தால் சங்கை அறுத்து வளை எடுக்கிறான். வளை போன பிறகு எஞ்சுகிற சங்கின் நுனிப் பகுதியை, தூறலில் மலரக் காத்திருக்கும் பகன்றை அரும்புக்கு உவமையாக்குகிறார் புலவர்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த மனிதன் தான் செய்யாத ஒன்றால் அடையாளம் பெறுகிறான். வேள்வி செய்யாதவன், ஆகவே அறுப்பவன். கைத்தொழில் இங்கே ஒரு சரிவாக, ஒரு குறையாகவே பெயர் பெறுகிறது. மற்றது, புலவரின் கண் வளையின் மேல் நிற்கவில்லை, கழிவின் மேல் நிற்கிறது. பட்டறைத் தரையில் குவிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்திராத ஒருவருக்கு இந்த உவமை வாய்த்திருக்காது. பார்த்தவர் பொருளைப் பார்த்தார், கழிவைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், சாதியையும் பார்த்தார். பெயரைக் கேட்கவில்லை.

இதற்குத் துணைச் சான்று மண்ணுக்கடியில் இருக்கிறது. இராமநாதபுரத்துக்கு அருகே, வைகை கடலில் சேரும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 தொடங்கிப் பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. உரோமானியத் தொடர்பைக் காட்டும் பாண்டங்களோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. இப்படி ஓடுகளில் காணும் பெயர்களைப் பாண்டத்தை வைத்திருந்தவர்களின் பெயர்களாகத்தான் ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். வனைந்தவர் பெயராக அல்ல. வாங்கியவர் பெயரைப் பொருளின் மேல் எழுதும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல.

மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கு பற்றி ஒரு தனிநூலே எழுதினார். கொற்கை, காயல் ஆகிய பழைய துறைமுக ஊர்களில் அறுத்த சங்கின் துண்டுகளைக் கண்டு, இக்கரையில் பழங்காலத்தில் வளையல் தொழில் நடந்ததை அவர் நிறுவ முயன்றார். அதாவது இந்தக் கைகளைப் பற்றிப் புலவருக்கும் அதிகாரிக்கும் அகழாய்வாளருக்கும் கிடைத்த சாட்சி ஒன்றுதான்: வெட்டிப் போட்ட மிச்சம்.

3

வளை அறுக்கும் தொழில் தமிழ்க் கரையில் தேய்ந்து, வங்காளத்தில் தழைத்தது. அங்கே மணமான இந்துப் பெண்ணின் கையில் சங்கு வளையல் இருக்க வேண்டும். இங்கே சங்கு குழந்தைக்குப் பால் புகட்டவும் பிணத்துக்கு முன்னால் ஊதவும் நின்றுகொண்டது. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடல்களில் எடுத்த சங்கு கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் மூட்டை மூட்டையாகப் போயிற்று. டாக்காவின் சங்காரி பஜாரில் சங்கறுப்போர் சாதியின் பெயர் ஒரு தெருவுக்கே இருக்கிறது. அங்கே தரையில் உட்கார்ந்து, காலால் சங்கை அணைத்துப் பிடித்து, பிறை வடிவ இரும்பு அரத்தை இரு கையாலும் இழுத்து அறுத்து வந்தார்கள். சங்கைத் தோண்டியெடுத்த கரைக்கு அப்படி ஒரு தெரு இல்லை. இங்கே பரவர், கடையர், முஸ்லிம்கள் எனப் பல சாதி மதத்துக் குளிகாரர்கள் இருந்தார்கள், குத்தகைதாரர்கள் இருந்தார்கள், எல்லாருக்கும் மேலே சேதுபதி சமஸ்தானம் இருந்தது.

கடலடியில் கிடக்கும் சங்கு யாருடையது? இந்தக் கேள்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் உயர்நீதிமன்றத்துக்கே போனது. பாக் விரிகுடாவின் சங்குப் படுகைகள் இராமநாதபுரம் ஜமீனின் தனியுரிமை என்பதையும், அங்கே அனுமதியின்றிச் சங்கு எடுப்பது திருட்டாகலாம் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. கடல் எல்லை பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சான தலைப்பைத் தமிழில் படித்தால், 'அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்'. ஒருவருக்குப் பெயரோடு 'பிள்ளை', மற்றவருக்குப் பெயரோடு 'பயல்'. இந்தக் கடலில் உழைத்தவர்களுக்கு அச்சில் பெயர் கிடைத்த மிகச் சில இடங்களில் இது ஒன்று. அந்த இடம் திருட்டு வழக்கு. குமாரசாமியின் அகந்தையற்ற கைவினைஞனுக்குப் பக்கத்தில் முத்துப்பயலை நிறுத்திப் பார்த்தால், பெயரின்மையில் ஆன்மிகம் எவ்வளவு, உடைமை உறவு எவ்வளவு என்பது விளங்கும்.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் சமஸ்தானத்தின் இடத்துக்கு அரசு வந்தது. மீன்வளத் துறை குளிகாரரிடம் சங்கை அளவு பார்த்து வாங்கியது. எடுத்தவர் எடுத்ததை வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்து பார்க்கும் இடம் அந்த ஏற்பாட்டில் எங்குமே இல்லை. நல்ல சங்கு வெளியூருக்கு. உள்ளூர்க் கைக்கு வந்தது உடைந்தது, புழு அரித்தது, வலையில் மாட்டி வந்த சிறு சிப்பி, சோழி.

4

இன்றைய சங்குக் கைவேலை இந்த மிச்சத்திலிருந்து எழுந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலமும் 1988இல் சாலைப் பாலமும் வந்து யாத்திரிகர் கூட்டத்தைத் தீவுக்குள் கொண்டுவந்தன. நடுவில் 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. கடலுக்குப் போவதும், கடைக்குச் சரக்கு செய்வதும், இரண்டுமாகத்தான் பிழைப்பு.

வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் 'கலைஞரின் அன்றாடம்' என்ற சொல்லின் வழவழப்பு போய்விடும். சிப்பி வந்ததும் முதலில் நாற்றம். மண்ணில் புதைத்தோ தண்ணீரில் போட்டோ சதையை நீக்க வேண்டும். சங்கின் வாயை மூடும் நகத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வாசனைப் புகைக்கு அது விலை போகும். பிறகு பிளீச்சிங் பவுடர், ஆசிட். எவ்வளவு நேரம் முக்குவது என்பதில் இருக்கிறது கைப்பக்குவம். ஒரு கணம் கூடினால் நிறம் செத்துவிடும். சாணையில் பறக்கும் சுண்ணாம்புத் தூள் மூக்கிலும் நெஞ்சிலும் இறங்கும். அப்புறம் துளை, நூல், பசை. கண்ணாடிச் சட்டம், விளக்கு, தோரணம், மாலை. கோர்க்கிற வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடம், சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில், எண்ணிக்கைக் கூலிக்கு. எந்தச் சிப்பிக்குப் பக்கத்தில் எதை வைத்தால் கண்ணுக்கு நிற்கும் என்று தீர்மானிப்பது அந்தக் கைதான். அழகியல் முடிவு அங்கே நடக்கிறது, விலை முடிவு வேறெங்கோ நடக்கிறது.

இதே மாவட்டத்தின் பனையோலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓலை கடலுக்குள் கிடப்பதல்ல. பனை கண்ணெதிரே நிற்கிறது. பெட்டியும் கொட்டானும் பாயும் பின்னுவது வீட்டுத் தேவைக்கான வேலையாகவே இருந்தது. முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985க்குப் பின் சிவகங்கை என்று இன்று அழைக்கப்படும் மாவட்டத்துக்குள் போன காரைக்குடிப் பகுதியில், செட்டிநாட்டுக் கொட்டான் அழியும் நிலையிலிருந்து மீட்கப்பட்டுப் புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல காரியம். ஆனால் குறியீட்டில் நிற்பது வட்டாரத்தின் பெயர். பின்னியவளின் பெயர் அங்கும் ஏறவில்லை. என்றாலும் ஓலை விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு: மூலப்பொருளை எடுத்ததற்காக அவள் வீட்டுக்கு யாரும் வழக்கோடு வருவதில்லை.

5

சங்குக்காரர் நிலை அப்படி அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளம் முழுவதும், பல சங்கு, சிப்பி இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் ஏறின. வளை அறுக்கிற சங்கு அன்று அப்பட்டியலில் இல்லை. அலங்காரச் சிப்பிகள் பல இருந்தன. கடலைக் காப்பது தேவை, அதில் இரண்டு பேச்சு இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறையை வெட்டி அள்ளியதன் விளைவை இந்தக் கரையே பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடியில் அதே சிப்பி உயிரோடு ஏறி, கரையில் குப்பையாகக் கொட்டப்படுகிறது. அந்தக் குப்பையிலிருந்து பொறுக்கி நூலில் கோர்த்த கைக்குத்தான் சோதனை வந்து சேர்கிறது. ஜமீன் காலத்துத் 'திருட்டு' என்ற சொல் நூறு வருஷம் கழித்து வேறு சட்டையில் திரும்பியிருக்கிறது.

'சுயாதீனம்' என்ற சொல்லை இங்கேதான் சோதிக்க வேண்டும். 1966இல் சென்னைக்குத் தெற்கே கே. சி. எஸ். பணிக்கரும் இளம் ஓவியர்களும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்ற வருமானம் அவர்களைத் தாங்கியது. கைவினை வயிற்றுக்கு, ஓவியம் பெயருக்கு. அவர்களுடைய சுதந்திரத்தைக் கைவினை வாங்கிக் கொடுத்தது. கைவினை மட்டுமே உள்ளவருக்கு அந்தச் சுதந்திரத்தை எது வாங்கிக் கொடுக்கும்?

பொருளில் கையெழுத்துப் போடச் சொல்வது போதாது. எந்த இனத்தைத் தொடலாம், எதைக் கூடாது என்று படத்தோடு தமிழில் பட்டியல் வேண்டும். வலைக்கழிவில் சட்டம் அனுமதிக்கும் ஓடுகள் மீனவர், கைவினைஞர் கூட்டுறவுக்கு முறையாக வந்து சேர வேண்டும். ஆசிட் வேலைக்குக் காற்றோட்டமுள்ள பொதுப் பட்டறை வேண்டும், கோர்க்கும் பெண்ணுக்கு எண்ணிக்கைக் கூலியில் தரைவிலை வேண்டும். இவ்வளவும் வந்த பிறகு அவர் பெயர் போடட்டும், போடாமலும் இருக்கட்டும். அது அவர் இஷ்டம் என்று ஆகிற நாளில்தான் பெயரின்மையை அடக்கம் என்று யாராவது புகழ்வதற்கு அர்த்தம் இருக்கும்.

அதுவரை, கண்காட்சி மேசையில் 'பாரம்பரியக் கலைஞர்' என்ற அட்டையைப் பார்த்தால் நாம் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சங்கு யார் கையிலிருந்து, என்ன விலைக்கு, யார் அனுமதியோடு இங்கே வந்தது என்பதைத்தான்.