பொதிகைக் காட்டில் முன்னே நடந்தவர்கள்

திருநெல்வேலி நகரத்தின் மேற்கு எல்லையாகிய பேட்டையில், சுத்தமல்லி அணைக்கட்டின் நீரால் விளையும் வயல்களுக்கு அருகே நின்று மேற்கே நோக்குவோர்க்கு, மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாட்களில் பொதிகை மலைத்தொடர் நெடுகத் தோன்றும். அம்மலையைப் பற்றி நம் முன்னோர் சொல்லியும் பாடியும் வந்தவையெல்லாம் அகஸ்திய முனிவரையும் தென்றலையும் சந்தனத்தையும் தாமிரபரணியையும் பெரிதும் பற்றியவை. அங்கே வாழும் பக்ஷிகளையும், அவற்றை வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்த மனிதர்களையும் பற்றிய சரித்திரமோ மிகச் சிறிதளவே பேசப்பட்டிருக்கிறது.

சமவெளியில் பறவையைப் பார்க்க வழிகாட்டி வேண்டுவதில்லை. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலைச் சூழ்ந்த மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரையும் கொக்கும் கூடு கட்டுவதை, கோயிலுக்கு வருகிற எவரும் அண்ணாந்து பார்த்தாலே காணலாம். அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அந்தச் சிறு நிலப்பரப்பே 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்டது. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்திலோ, வீட்டு முற்றத்து மரங்களிலேயே பறவைகள் குஞ்சு பொரிப்பதால், அவை அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடியாமல் இருப்பதை ஊர்மக்கள் ஒரு விரதம்போல் அநுஷ்டித்து வருகிறார்கள். இவ்விடங்களில் பறவை மனிதனைத் தேடி வருகிறது. மலைமேல் நிலைமை முற்றிலும் வேறு.

முண்டந்துறையின் வறண்ட காட்டைக் கடந்து, ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்திலுள்ள கக்காச்சியை அடைந்தவன், தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் பசுமைமாறாக் காட்டுக்குள் நுழைகிறான். வெடிப்பலாவும் பாலியும் ஓங்கி வளர்ந்து மேலே கிளைகோத்து நிற்பதால் நண்பகலிலும் தரையில் வெளிச்சம் குறைவு. பறவைகளிற் பெரும்பாலானவை தலைக்கு மேலே 25 மீட்டர் உயரத்தில் இலைகளுக்குள்ளே சஞ்சரிக்கின்றன. அரைமணி நேரம் ஒன்றுமே அசையாமல் இருந்துவிட்டு, துடுப்புவால் கரிச்சான் பல குரலில் கூவிக்கொண்டு வரும்பொழுது, அதனுடன் மரங்கொத்தியும் சிலம்பனும் ஈப்பிடிப்பானும் கலந்த ஒரு பெருங்கூட்டம் சில நிமிஷங்களில் கடந்து மறைந்துவிடும். இருவாட்சியைக் கண் காணுமுன் அதன் சிறகடிக்கும் ஓசையே காதுக்கு எட்டும். தவளைவாயன் பகலெல்லாம் காய்ந்த சருகோடு சருகாக ஒட்டியிருப்பதை, முன்பே அந்தக் கிளையை அறிந்தவன் விரல் நீட்டிக் காட்டினாலன்றிப் புதியவன் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே மழைக்காட்டில் பறவை பார்ப்பதென்பது முதலில் செவியின் காரியம். அடுத்தபடியாக, எந்த அத்தி எந்த மாதம் பழுக்கும், எந்த மரப்பொந்தில் இருவாட்சிப் பெட்டை தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் என்ற ஞாபகத்தின் காரியம். இந்தச் செவியும் ஞாபகமும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரியவை.

அவர்கள் காணிகள். தேனுக்கும் கிழங்குக்கும் காடெங்கும் திரிந்து, பாபநாசம் மேலணைப் பிரதேசத்துச் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகளில் வாழ்ந்துவரும் இம்மக்களே, அகஸ்தியர் சிகரத்துக்கு யாத்திரை போனவர்களுக்கு வழிகாட்டினார்கள். பின்னர் விஞ்ஞானம் அதே ஒற்றையடிப் பாதைகளில் ஏறி வந்தது. திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் 1855-ஆம் ஆண்டையொட்டி அந்தச் சிகரத்தின் உச்சியில் ஒரு நோக்ககம் அமைத்தபோது, கருவிகள் மனிதர் தோளிலேதான் மேலே சென்றிருக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயன்றி வேறெங்கும் இல்லாத ஒரு சிரிப்பானை 1880-இல் பிளான்ஃபோர்ட் என்னும் அறிஞர் சாஸ்திர உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அக்காலத்தில் பறவையை அறிவதென்றால் அதைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தி வைப்பதே முறை. தோலின்மீது கட்டிய சீட்டில் சேகரித்தவர் பெயரும் இடமும் தேதியும் இருக்கும். அந்த இடத்துக்கு அவரை அழைத்துச் சென்றவனின் பெயர் இருப்பது அபூர்வம்.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய குறையன்று. மலாய்த் தீவுகளில் சுற்றிய ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ், 1858-இல் பச்சான் தீவில் அற்புதமான ஒரு சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்தவன் தம் உதவியாளனாகிய அலி என்ற மலாய் வாலிபனே என்று தம் நூலில் மனமுவந்து எழுதிவைத்தார். ஆயினும் அப்பறவை இன்று தாங்கியிருப்பது வாலஸின் பெயரையே. வாலஸ் எழுதியதனால் அலியை நாம் அறிவோம். பொதிகையில் முன்னே நடந்தவர்களுக்கு அவ்வாறு எழுதிவைத்த கை ஒன்று வாய்க்கவில்லை என்பது என்னை வருத்துகிற விஷயம்.

இருபதாம் நூற்றாண்டு பாதையையே மாற்றியது. 1902-இல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரையிலும், 1904-க்குள் செங்கோட்டைக்கு அப்பாலும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக மலையடிவாரத்தை அடைவது சில மணி நேரப் பிரயாணமாயிற்று. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட, மாஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. மழைக்காடு வெட்டப்பட்டது, அதே சமயத்தில், எஞ்சிய காட்டின் வாசல்வரை ஒரு சாலையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலைத்தொடரின் மறுபுறச் சரிவுகளில், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்காக 1933-இல் சாலிம் அலி நடத்திய பறவை ஆய்வு, 1953-இல் தனி நூலாகவே வெளிவந்தது. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவரும், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வருமான மா. கிருஷ்ணன், துப்பாக்கியின்றிப் பார்ப்பதே இன்பமென்று வாசகர்க்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல்லாண்டுகள் எழுதினார்.

முண்டந்துறை 1962-லும், சிங்கவால் குரங்கின் பொருட்டுக் களக்காடு 1976-லும் சரணாலயங்களாகி, 1988-இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. இடையே 1972-ஆம் வருஷச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. வேட்டைக்காரனுக்குத் தடம் காட்டியவன் இனி வனத்துறையின் காவலர். 1990-களில் கக்காச்சி மரமுடிகளில் ஏறி, பழம் அருகிய மாதங்களில் வெடிப்பலாப் பூவை நம்பி வாழும் பிராணிகளை ஆராய்ந்த இளம் விஞ்ஞானிகளுக்கும் அவரே துணை. அறிவு வளர்ந்துகொண்டே வந்தது: இம்மலைகளுக்கே உரிய சோலைக்கிளி தனி இனமென்று 2017-இல்தான் பெயரிடப்பட்டது. குருவியளவேயான அந்த நீலப் பறவை புதரடியில் பாடுவதைக் கேட்டிராத காணி எவரேனும் இருந்திருப்பாரா?

2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிக் கரைக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் தொலைநோக்கியுடன் நயினார்குளக் கரையிலும் நிற்கிறார்கள். மலைமேல் அப்படி எளிதில் எவரும் போக முடியாது. அநுமதி வேண்டும், அநுமதி சரியானதே. ஆனால் 2024-இல் கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தி, நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் கீழே இறங்க நேர்ந்தபோது, ஊத்துக்கும் குதிரைவெட்டிக்கும் இடையே எந்த வளைவில் எந்தப் பறவை கூப்பிடும் என்று அறிந்த செவிகளும் அவர்களோடு இறங்கிவிட்டன. காணிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மலையேறித் திரும்பும் ஆராய்ச்சியாளரும் ரசிகரும் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும், பறவையின் பெயருக்கும் இடத்துக்கும் அடுத்தபடியாக, அதைக் காட்டியவரின் பெயரையும் அவருடைய சம்மதத்தோடு எழுதுவது, நாளையே தொடங்கக்கூடிய காரியம்.