ஜெபமும் தொட்டிலும்

பெண்மகவைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் இருந்ததே. அதனின்று குழந்தைகளைக் காக்க எழுந்த ஜெபம் ஒன்றின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நெல்லைச் சீமைப் பண்ணைவிளையில், கோயில் மனையினின்று தப்பிய ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னொருமுறை ஓடியதற்காக அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள்! அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த அம்மையாரின் பணி அன்றே திசை திரும்பிற்று. இத்தகைய குழந்தைகள் காக்கப்பட வேண்டும் என்பதே டோனாவூரில் அவர்தம் இடையறாத ஜெபமாயிற்று. பொருள் வேண்டி மனிதரிடம் கையேந்துவதில்லை என்பதும் அங்கே நியதி.

ஆயினும், ஜெபிக்க முன்வந்தோர் பலர். மீட்டுவந்த பச்சிளங்குழந்தையின் துணி அலச முன்வந்தோர் சிலரே. அது பணிப்பெண்கள் செய்யும் இழிந்த வேலை என்று ஒதுங்கிய கிறிஸ்தவர்களும் இருந்தனர், இதை மறைப்பானேன்? அவ்வேலையைத் தயங்காது ஏற்றவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. நெய்யூரில் அமைந்த குழந்தைகள் காப்பகத்தை நடத்தியவர் அவரே. 1915இல் மறைந்தார். ஏமி அம்மையாரைப் போற்றுவோர் பலரும் இவர் பெயரை அறியார்.

சட்டமோ மிகப் பிந்தியே வந்தது. 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசி குலத்துச் சந்திரம்மாளுக்கு மகளாய்ப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டசபையில் தொடங்கிய போராட்டம் 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டமாக நிறைவேறிற்று. 1931இல் விழுந்து அடிபட்ட ஏமி அம்மையார் அப்பொழுது டோனாவூரில் தம் அறையிலேயே முடங்கியிருந்தார். அச்சிறுமி ஓடிவந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.