அணை வந்தது... நத்தை பெருகியது: செனகலை உலுக்கிய ‘நத்தைக் காய்ச்சல்’ என்றால் என்ன?

ஆற்றில் குளிப்பது, துணி துவைப்பது, வாய்க்காலில் இறங்கி வேலை பார்ப்பது... ஆப்பிரிக்காவில் பலருக்கு இந்த அன்றாட வேலைகளே நோயைக் கொண்டு வருகின்றன. காரணம், நன்னீர் நத்தைக்குள் பெருகும் தட்டைப்புழு. நோயின் பெயர் சிஸ்டோசோமியாசிஸ். ‘நத்தைக் காய்ச்சல்’னும் சொல்றாங்க.

நத்தைக்குள் என்ன நடக்குது?

நோயாளியின் சிறுநீர் அல்லது மலம் வழியாகப் புழு முட்டைகள் தண்ணீரில் கலக்கும். முட்டை பொரிந்து வரும் இளம்புழு, நீந்திப்போய் நத்தைக்குள் நுழையும். சில வாரங்களில் அந்த ஒரு புழுவே ஆயிரக்கணக்கில் பெருகி வெளியே வரும். நத்தைக்கும் இதில் பாதிப்புதான்: தொற்று முற்றினால் அது முட்டையிடுவதே பெரும்பாலும் நின்றுவிடும்.

மனிதருக்கு எப்படி வருது?

தண்ணீரைக் குடிக்கணும்னு இல்லை, கால் நனைத்தாலே போதும். புழு தோலைத் துளைத்து நுழைந்து, ரத்தக் குழாய்களில் பல ஆண்டுகள் வாழும். அது இடும் முட்டைகள் உடலில் தங்கி கல்லீரல், குடல், சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு ரத்தசோகை வரும், வளர்ச்சியும் பாதிக்கும்.

2021-ல் 25 கோடிக்கும் அதிகமானோருக்குத் தடுப்பு சிகிச்சை தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

செனகலில் நடந்தது என்ன?

கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க, செனகல் ஆற்றின் முகத்துவாரம் அருகே 1986-ல் டயாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. விவசாயத்துக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. ஆனால் உப்பு குறைந்த அதே தண்ணீர் நத்தைகளுக்கும் வசதியாகிவிட்டது. நத்தையைத் தின்னும் ஆற்று இறால்கள், இனப்பெருக்கத்துக்காக முகத்துவாரம் போய்வரும் வழியும் அடைபட்டது. சில ஆண்டுகளிலேயே, கரும்பு விளையும் ரிச்சர்ட் டோல் நகரில் நோய் வேகமாகப் பரவியது.

மருந்து இருக்கா?

இருக்கு. பிராசிகுவான்டல் மாத்திரை வளர்ந்த புழுக்களைக் கொல்லும். ஆனால் மறுபடி அதே தண்ணீரில் இறங்கினால் மறுபடி தொற்றும். அதனால் கழிப்பறை, பாதுகாப்பான தண்ணீர், நத்தைக் கட்டுப்பாடு மூணும் சேர்ந்தே தேவை. செனகல் கிராமம் ஒன்றில் ஆற்றில் இறால் விட்டுப் பார்த்தபோது, தொற்றுள்ள நத்தைகளும் மக்களிடம் மறுதொற்றும் குறைந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நம்ம ஊர்ல?

இந்தியாவில் இதே குடும்பப் புழு ஒன்று மாடுகளின் மூக்கைத் தாக்கும். மாடு குறட்டை விடுவதுபோல மூச்சுவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.